போருக்குப் பின் – 9: பட்டியலில் இல்லாத நோய்

வியட்நாமில் ஓராண்டுப் பணியை முடித்த அமெரிக்கச் சிப்பாய் வீடு போய்ச் சேர இரண்டு நாள் போதும். காட்டு முகாமிலிருந்து ஹெலிகாப்டரில் பெரிய விமானதளத்துக்கு வருவான். அங்கே ராணுவம் வாடகைக்கு எடுத்த பயணிகள் விமானம் நிற்கும். ஏசி, மெத்தென்ற இருக்கை, தட்டில் சாப்பாடு கொண்டுவரும் பணிப்பெண்கள். கலிஃபோர்னியாவில் இறங்கியதும் புதுச் சீருடை, பாக்கிச் சம்பளம், ஊருக்கு டிக்கெட். திங்கட்கிழமை பதுங்குகுழியில் கிடந்தவன் புதன்கிழமை இரவு அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்திருப்பான். நகக்கண்ணில் மத்திய மலைப்பகுதியின் செம்மண் இன்னும் போயிருக்காது.

சென்ற இதழில் பார்த்த இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்களுக்கு இந்த வேகம் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. கப்பலில் வாரக்கணக்கில் வந்தார்கள். கூடச் சண்டை போட்டவர்களோடு சேர்ந்து வந்தார்கள். மேல்தளத்தில் உட்கார்ந்து செத்தவர்களைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், சீட்டாடினார்கள். வியட்நாமில் படைப்பிரிவு அங்கேயே இருக்கும். ஆள் மட்டும் தனித்தனியாகப் போவான், தனித்தனியாக வருவான். தரைப்படைக்கு 12 மாதம், மரைன் படைக்கு 13 மாதம். ஒவ்வொருவனுக்கும் அவனவன் தேதி. ஹெல்மெட் உறையில் மாதங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவான். தேதி வந்ததும் நண்பர்களை அப்படியே சண்டைக்களத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறுவான். அந்த விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவன் யாரென்றே தெரியாது.

இந்த ஏற்பாட்டில் ராணுவ மனநல மருத்துவர்களுக்குப் பெருமைகூட இருந்தது. களத்தில் மனம் உடைந்து விழுந்தவர்கள் இரண்டாம் உலகப் போரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 101 பேர், கொரியாவில் 37 பேர், வியட்நாமின் தொடக்க ஆண்டுகளில் 12 பேர்தான் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். ஓராண்டு தாக்குப்பிடித்தால் வீடு என்ற நம்பிக்கை சிப்பாயை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்றார்கள். அது உண்மையும்கூட. களத்தில் விழாமல் இருந்தார்கள். விழுந்தது ஊருக்கு வந்த பிறகு. அதை எண்ணிப் பார்க்க அப்போது எந்தப் பேரேடும் இல்லை.

பேரேடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. 'டி.எஸ்.எம்.' என்பார்கள். எந்த நோய் இருக்கிறது, எது இல்லை என்பதற்கு மருத்துவமனை, இன்சூரன்ஸ், நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். 1952-ல் வந்த முதல் பதிப்புக்கு அடிப்படையே, இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவர்கள் போட்ட பட்டியல்தான். ஆகவே அதில், போர் போன்ற பேரழிவைக் கண்ட நல்ல மனிதனுக்கும் மனம் கலங்கும் என்பதற்கு ஒரு தனித் தலைப்பு இருந்தது. 1968-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அந்தத் தலைப்பைக் காணோம்.

அந்த 1968 எப்படிப்பட்ட ஆண்டு! ஜனவரி இறுதியில் வட வியட்நாம் தரப்பின் பெரும் படையெடுப்பான டெட் தாக்குதல் தொடங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். வியட்நாம் போரின் மிகக் கொடிய ஆண்டு அதுதான். அதே ஆண்டில்தான், போரால் வரும் மனநோய் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அதன் பலன் உடனே தெரிந்தது. தூங்க முடியவில்லை, கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை, குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறது என்று வந்து நின்றவனுக்கு மருத்துவர் ஏதாவது ஒரு பெயர் எழுதியாக வேண்டும். மனச்சிதைவு என்று எழுதினார்கள். குடிநோய் என்று எழுதினார்கள். ஆளுமைக் கோளாறு என்று எழுதினார்கள். கடைசியாகச் சொன்னது மிகவும் அநியாயமானது. ஆளுமைக் கோளாறு என்றால் பிறவிக் குணம், போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நஷ்டஈடு இல்லை என்று பொருள்.

இனி டெட்ராய்ட் நகரத்து இளைஞர் ஒருவரின் கதை. அமெரிக்கப் பத்திரிகைகள் இதை விரிவாக எழுதியிருக்கின்றன. இந்தத் தொடரில் இதைத் தாண்டிப் போகவே முடியாது.

டுவைட் ஜான்சன் 1947-ல் பிறந்த கறுப்பினத்தவர். அரசுக் குடியிருப்பில் அம்மாவின் வளர்ப்பு. தேவாலயத்தில் பூசைக்கு உதவும் பையனாக இருந்தவர். சண்டை சச்சரவுக்குப் போகாதவர். கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தார்கள். வியட்நாமில் டாங்கி ஓட்டுநரானார். ஒரே டாங்கியில் ஒரே குழுவோடு பதினோரு மாதம். ஊர் திரும்பும் நாள் நெருங்கிய நேரத்தில், வேறொரு டாங்கியின் ஓட்டுநருக்கு உடல்நலம் சரியில்லை என்று ஜான்சனை அதற்கு மாற்றினார்கள்.

மறுநாள், 1968 ஜனவரி 15. டாக் டோ அருகே சாலையில் வியட்நாமியப் படையின் பதுங்குத் தாக்குதல். ஜான்சனின் பழைய டாங்கி ராக்கெட் பட்டுத் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் அவருடைய பதினோரு மாதத் தோழர்கள். தீக்குள் ஓடி ஒருவரை உயிரோடு வெளியே இழுத்தார். அடுத்தவரை எடுப்பதற்குள் உள்ளிருந்த குண்டுகள் வெடித்தன. மற்றவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு அரை மணி நேரம் ஜான்சன் கைத்துப்பாக்கியோடும் இயந்திரத் துப்பாக்கியோடும் தனியாளாகச் சாலையில் அலைந்து எதிரிகளைத் தேடித் தேடிச் சுட்டார். ஒரு வியட்நாமியச் சிப்பாய் நேருக்கு நேர் வந்து துப்பாக்கியை அவர் மீது நீட்டி விசையை அழுத்தினான். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஜான்சன் அவனைச் சுட்டார். பின்னாளில் இரவுக் கனவில் வந்துகொண்டே இருந்தது அந்த முகம்தான். சண்டை ஓய்ந்தும் அவர் ஓயவில்லை. பிடித்து வைத்திருந்த கைதிகள் மீது பாய்ந்தார். சிலர் சேர்ந்து அமுக்கி, மார்ஃபின் ஊசி போட்டு, கைகளைப் பிணைக்கும் சட்டை மாட்டி ப்ளேக்கூ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மறுநாளே வெளியே விட்டுவிட்டார்கள். தவணையும் முடிந்தது. விமானம் ஏற்றினார்கள்.

டெட்ராய்ட்டில் வேலை கிடைக்கவில்லை. போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று ராணுவத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி. 1968 நவம்பர் 19 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் லிண்டன் ஜான்சன் அவர் கழுத்தில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' பதக்கத்தை அணிவித்தார். அன்று ஐந்து பேருக்கு அந்தப் பதக்கம் கிடைத்தது. அவர்களில் ஒருவரான பாதிரியார் லிட்டெக்கி, பிற்காலத்தில் அமெரிக்க அரசின் போர்க் கொள்கையைக் கண்டித்துத் தன் பதக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டார்.

பதக்கம் வந்ததும் எல்லாம் மாறியது. வேலை தராதவர்கள் விருந்துக்கு அழைத்தார்கள். ராணுவம் அவரைத் திரும்ப எடுத்து, கறுப்பின மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்கு அனுப்பி ஆள் சேர்க்கச் சொன்னது. மேடைக்கு மேடை அதே நாளை, அந்தத் தீயை அவரை வைத்துச் சொல்லச் செய்தார்கள். கைதட்டல் விழுந்தது. அவருக்கு வயிற்றுவலி வந்தது. கடன் ஏறியது, கூட்டங்களுக்குப் போகாமல் நின்றார். பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவர் அவரோடு பேசினார். வியட்நாமிலிருந்து திரும்பிய வாழ்க்கைக்குப் பழக முடியாததால் வந்த மனச்சோர்வு என்று எழுதிவைத்தார். புத்தகத்தில் இல்லாததை அந்த மருத்துவர் தன் கண்ணால் பார்த்து எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தான் செய்தது வெறி. அதற்குப் போய் உலகம் தன்னை வணங்குகிறது என்ற எண்ணம் ஜான்சனை அரித்தது. விடுப்பில் வீட்டுக்கு வந்தவர் மருத்துவமனைக்குத் திரும்பவில்லை.

1971 ஏப்ரல் 29 இரவு. மனைவி சிறிய அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில். வீட்டுக் கடன் தவணை பாக்கி. டெட்ராய்ட்டில் ஒரு மளிகைக் கடைக்குள் கைத்துப்பாக்கியோடு போய்ப் பணம் கேட்டார் என்பது கடைக்காரரும் போலீசாரும் சொன்னது. கடைக்காரர் சுட்டார். களத்தில் அத்தனை வேகம் காட்டிய ஜான்சன் இங்கே அந்த வேகத்தைக் காட்டவில்லை. விடியற்காலையில் உயிர் போனது. இன்னும் ஒரு வாரத்தில் 24 வயது ஆகியிருக்கும். முழு ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டன் கல்லறையில் புதைத்தார்கள். வாழ்க்கையில் அலுத்துப்போய், விசையை அழுத்த வேறொரு கையைத் தேடினானோ என்று அவருடைய தாய் நிருபரிடம் சொன்னார். மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' அதைப் பெரிய கட்டுரையாக வெளியிட்டபோது, ஆயிரக்கணக்கான வீடுகளில் படித்தவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் முகம் தெரிந்தது.

ஒரு தனிமனிதனின் துயரம் என்று ஒதுக்க முடியாது என்பதைப் பின்னால் வந்த கணக்கு காட்டியது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், அதே காலத்தில் வேறு இடங்களில் பணியாற்றிய சிப்பாய்களைவிட வியட்நாம் போய் வந்தவர்களிடையே சாவு 17 சதவீதம் அதிகம். கூடுதல் சாவுகளில் பெரும்பகுதி ராணுவத்தை விட்டு வந்த முதல் ஐந்தாண்டுகளுக்குள். வாகன விபத்து, தற்கொலை, கொலை, மருந்தோ போதையோ அளவு மீறிப்போனது எனக் காரணங்கள். 1970-ல் திரும்பியவனுக்கு அந்த ஐந்தாண்டு 1975-ல் முடிந்துவிடுகிறது. அவன் நோய்க்குப் புத்தகத்தில் இடம் கிடைத்தது 1980-ல். இந்த இரண்டு ஆண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கோபம் வராமல் இருக்காது.

இடைப்பட்ட காலத்தில் யார் என்ன செய்தார்கள்? முதல் அடி எடுத்து வைத்தவர்கள் சிப்பாய்களே.

'போரை எதிர்க்கும் வியட்நாம் படைவீரர்கள்' என்ற அமைப்பு 1967-ல் நியூயார்க்கில் தொடங்கியது. அதன் அலுவலகத்துக்குத் துண்டறிக்கை அடிக்க வந்தவர்கள், அடித்து முடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசு மருத்துவமனைக்குப் போக மனமில்லை. போருக்கு அனுப்பியதும் அதே அரசுதானே. அமைப்பின் தலைவர்களில் ஒருவரான ஜான் பாரி 1970 நவம்பரில் யேல் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டனுக்குக் கடிதம் எழுதினார். ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களோடு உட்கார்ந்து பேசிப் புத்தகம் எழுதியவர் லிஃப்டன். நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் ஹையிம் ஷட்டானும் சேர்ந்துகொண்டார். டிசம்பரில் சனிக்கிழமைக் கூட்டங்கள் தொடங்கின. சிப்பாய்கள் அதை 'ராப்' என்றார்கள். கொச்சையில், மனம்விட்டுப் பேசுவது.

அந்தக் கூட்டம் நடந்த விதம் இரண்டு மருத்துவர்களுக்கும் புதிது. இடம் சிப்பாய்களுடையது. மருத்துவருக்குத் தனி நாற்காலி கிடையாது, கட்டணம் கிடையாது. ஒரு சிப்பாயைக் கேள்வி கேட்டால் அவன் திருப்பிக் கேட்பான்: நீங்கள் எப்போதாவது பயந்திருக்கிறீர்களா? பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு மணி நேரம் என்று உட்கார்வார்கள். நேரம் போவதே தெரியாது. காரின் புகைக்குழாய் வெடித்ததும் நடைபாதையில் குப்புற விழுந்ததைப் பற்றிப் பேசினார்கள். மனைவி தொட்டால் ஒன்றும் தோன்றவில்லை என்றார்கள். செத்த நண்பனை மழைக்கோட்டில் சுற்றி ஹெலிகாப்டரில் ஏற்றிய அரை மணியில் நடக்கத் தொடங்கிவிட்டோம், அழ நேரம் இல்லை, மறுநாள் அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்றார்கள்.

ஷட்டான் பிடித்துக்கொண்டது இதைத்தான். அழாமல் விட்ட துக்கம் உள்ளேயே தங்கிக் கோபமாகவும் மரத்துப்போன மனமாகவும் வெளிவருகிறது என்று கண்டார். 1972 மே 6 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில் குற்றவுணர்வு, ஏமாற்றப்பட்ட உணர்வு, கண்மண் தெரியாத ஆத்திரம், உணர்வு மரத்தல், யாரையும் நம்பவோ நேசிக்கவோ முடியாத நிலை என்று வரிசைப்படுத்தினார். இன்னொன்றும் சொன்னார். இவையெல்லாம் ஊர் திரும்பிய 9 மாதம் முதல் 30 மாதம் வரை கழித்துத்தான் தலைகாட்டுகின்றன. மனநோய் ஓராண்டுக்குள் தென்பட்டால்தான் போரோடு சேர்த்துப் பார்ப்பது என்பது அன்றைய அரசு அலுவலக வழக்கம். நோய் தாமதமாக வரும். கதவோ அதற்கு முன்பே மூடிவிடும்.

அரசு மருத்துவமனைக்குள்ளும் ஒரு குரல் எழுந்தது. 1969-ல் பாஸ்டன் நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த சாரா ஹேலி, சேர்ந்த முதல் நாளே ஒரு நோயாளியைச் சந்தித்தார். மை லாய் என்ற கிராமத்தில் தன் படைப்பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக்கொன்றது, தான் சுடவில்லை, வெளியே சொன்னால் கொன்றுவிடுவோம் என்று கூட்டாளிகள் மிரட்டினார்கள், அவர்கள் வந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார் அவர். பிற்பகல் கலந்தாய்வில் மூத்தவர்கள் எழுதியது: வீண் சந்தேகத்தோடு கூடிய மனச்சிதைவு. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாமே என்றார் ஹேலி. புதிதாக வந்த பெண் என்று சிரித்தார்கள். சில வாரங்களில், நவம்பரில், மை லாய் படுகொலையைப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் உலகுக்குச் சொன்னார். ஹேலியின் தந்தை இரண்டாம் உலகப் போரில் இருந்தவர். போர்க்களக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண் அவர். கொடுமை செய்ததாகவோ பார்த்ததாகவோ சொல்லும் நோயாளியின் முன் மருத்துவர் எப்படி உட்கார வேண்டும் என்று 1974-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களுக்குப் பாடம்.

இதே நேரத்தில் மேற்குக் கரையில் ஷாட் மெஷாட் என்ற முன்னாள் ராணுவ உளநல அலுவலர், லாஸ் ஏஞ்சலஸ் அரசு மருத்துவமனையின் சார்பில் வெனிஸ் கடற்கரையில் நடந்து நடந்து, மணலில் படுத்துக் கிடந்த சிப்பாய்களைத் தேடிப் பேசினார். 1973-ல் செயின்ட் லூயிஸில் தேவாலயங்கள் பணம் கொடுத்து ஒரு மாநாடு கூட்டின. ஊர் ஊராகத் தனித்தனியே இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் அங்கேதான் முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஆனாலும் புத்தகம் மாறவில்லை. 1974-ல் நியூ ஜெர்சியில் அரசு செலவில் வழக்காடும் வழக்கறிஞர் ஒருவர், தன் கட்சிக்காரரான சிப்பாய்க்குப் போரால் மனம் பாதித்தது என்று வாதாடினார். அப்படி ஒரு நோய் கையேட்டில் இல்லையே என்று நீதிபதி தள்ளினார். மூன்றாம் பதிப்பு தயாராவதைக் கேள்விப்பட்ட வழக்கறிஞர் அதன் பொறுப்பாளர் ராபர்ட் ஸ்பிட்ஸரைக் கேட்டார். அதைச் சேர்க்கும் திட்டம் இல்லை என்று பதில் வந்தது. வழக்கறிஞர் ஷட்டானைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் பேச்சுக்கூட்டம் நடத்தியவர்கள் மனநல மருத்துவர் சங்கத்தின் கமிட்டி அறைக்குள் நுழைந்தார்கள்.

லிஃப்டன், ஷட்டான், ஹேலி, முன்னாள் மரைன் சிப்பாய் ஜாக் ஸ்மித் ஆகியோர் குழுவாகச் சேர்ந்தார்கள். ஸ்பிட்ஸருக்கு உணர்ச்சிப் பேச்சு போதாது; எண்ணிக்கை வேண்டும், அறிகுறி வேண்டும். எழுநூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் விவரங்களைத் திரட்டினார்கள். நாஜி முகாம்களில் தப்பியவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களைத் தேடிப் போனார்கள். எதிர்ப்பும் பலமாக இருந்தது. செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ராபின்ஸும் ஜான் ஹெல்ஸரும், ஏற்கெனவே உள்ள நோய்ப் பெயர்களே போதும் என்றார்கள். ராபின்ஸை லேசாக ஒதுக்க முடியாது. திரும்பி வந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களை நேரில் பேட்டி எடுத்தவர் அவர். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையானவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊருக்கு வந்ததும் அதை விட்டுவிட்டார்கள் என்று கண்டுபிடித்து, மருத்துவ உலகத்தையே ஆச்சரியப்படுத்தியவர்.

இழுபறியைத் தீர்த்தவர் நான்சி ஆண்ட்ரியாசன். கமிட்டிக்குத் தலைமை தாங்கிய அவருக்கு வியட்நாமோடு தொடர்பில்லை. தீக்காய நோயாளிகளின் மனநிலையை ஆராய்ந்தவர். படைவீரர் குழு சொன்ன அறிகுறிகளை அவர் தன் நோயாளிகளிடம் பார்த்திருந்தார். போருக்கு மட்டும் தனி நோய் என்று கேட்டிருந்தால் அரசியல் என்று முத்திரை குத்தியிருப்பார்கள். தீ, வெள்ளம், வன்புணர்வு, வதைமுகாம், போர் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று என்று வந்தபோது மறுக்க வழியில்லை. 1980-ல் வெளியான மூன்றாம் பதிப்பில் அது இடம்பிடித்தது. இன்று நம்மூர்ப் பத்திரிகைகளிலும் அடிபடும் 'பி.டி.எஸ்.டி.' (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) பிறந்தது இப்படித்தான். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே தன் மக்களிடம் கண்டதை எழுதியபோது, அவருக்கும் கைகொடுத்தது அந்த நியூயார்க் அறையில் தொடங்கிய ஆராய்ச்சிதான்.

மூன்றாம் பதிப்பு வருவதற்கு ஓராண்டு முன்பே இன்னொரு கதவு திறந்தது. கலிஃபோர்னியா செனட்டர் ஆலன் க்ரான்ஸ்டன் 1971 முதலே சிப்பாய்களுக்கு ஆலோசனை மையங்கள் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்துகொண்டிருந்தார். செனட்டில் தேறும், கீழவையில் முடங்கும். பழைய போர்களுக்குப் போய்வந்த மூத்தவர்களுக்கான பணம் குறைந்துவிடும் என்ற கவலை அங்கே இருந்தது. 1979 ஜூனில் ஒருவழியாகச் சட்டமானது. அப்போது முன்னாள் படைவீரர் நலத் துறையின் தலைவர் மாக்ஸ் கிளீலண்ட். 1968-ல் கே சான் அருகே கையெறிகுண்டு வெடித்து இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். மையங்கள் மருத்துவமனை வளாகத்தில் இருக்கக் கூடாது என்று முடிவானது. கடைத்தெருவில் வாடகைக்குப் பிடித்த அறைகள். உள்ளே பழைய சோபா, காபி, எதிரே உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் வியட்நாம் போய் வந்தவர். வடிவமைத்தவர்களில் ஷாட் மெஷாட்டும் ஒருவர். இன்று அமெரிக்கா முழுதும் அப்படிச் சுமார் 300 மையங்கள் இருக்கின்றன. கிளீலண்டுக்கே 2002 செனட் தேர்தல் தோல்விக்குப் பிறகு பழைய போர் திரும்ப வந்தது. பல ஆண்டு கழித்துத் தானும் சிகிச்சைக்குப் போனதை அவர் ஒளிக்காமல் எழுதினார்.

பெண்களை அப்போதும் மறந்திருந்தார்கள். வியட்நாமில் ஏறத்தாழ 11,000 அமெரிக்க ராணுவப் பெண்கள் பணியாற்றினார்கள். பத்தில் ஒன்பது பேர் நர்சுகள். ப்ளேக்கூ மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில் 1969-70-ல் வேலை பார்த்த லிண்டா வான் டெவாண்டர், ஊர் திரும்பியதும் படைவீரர்களின் போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனார். நீங்கள் படைவீரர் மாதிரி இல்லையே, முன் வரிசையில் வர வேண்டாம் என்றார்கள். முகம் சிதைந்த பதினெட்டு வயதுப் பையன்களுக்கு ஓய்வே இல்லாமல் ரத்தம் ஏற்றிய கைகள் அவருடையவை. அவர் 1983-ல் எழுதிய சுயசரிதைக்குப் பிறகுதான் மற்ற நர்சுகள் வாய் திறந்தார்கள். வாஷிங்டனில் பெண்களுக்கான நினைவுச் சிலை வர 1993 ஆனது.

எத்தனை பேருக்கு இந்த நோய்? அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டதன் பேரில் நடந்து 1988-ல் வெளிவந்த பெரிய ஆய்வு, போய்வந்த ஆண்களில் 15.2 சதவீதத்தினருக்கு அப்போதே நோய் இருப்பதாகவும், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அனுபவித்தவர்கள் சுமார் 30 சதவீதம் என்றும் சொன்னது. மிகைக் கணக்கு என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். 2006-ல் ராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு மறுபடி கணக்கிட்டதில் 9.1, 18.7 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தும் அது லட்சங்கள்தான். போன 27 லட்சம் பேரில் பெரும்பான்மையினர் வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, ஒழுங்காக வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நேரமும் துப்பாக்கியைத் தூக்கும் வெறியனாகச் சிப்பாயைக் காட்டிய திரைப்படங்கள் அவர்களுக்குப் பெரும் தீங்கு செய்தன. வேலை கேட்டுப் போகும்போது வியட்நாம் என்று சொல்லவே பலர் கூச்சப்பட்டார்கள்.

போர் முடிந்து நாற்பது ஆண்டு கழித்து அதே ஆட்களைத் திரும்பத் தேடிப்போன ஆய்வு 2015-ல் வெளிவந்தது. வியட்நாம் போய் வந்து அறுபதைத் தாண்டிவிட்டவர்களில் சுமார் 2,71,000 பேருக்கு அப்போதும் நோய் முழு அளவிலோ ஓரளவிலோ இருந்தது.

நோய்க்குக் கையேட்டில் இடம் கிடைத்தபோது ஒன்று நழுவியும் போனது. 1980 பதிப்பின் அறிகுறிப் பட்டியலில் குற்றவுணர்வு இருந்தது: மற்றவர்கள் செத்துத் தான் மட்டும் பிழைத்ததற்காக, பிழைக்கச் செய்த காரியங்களுக்காக. 1987-ல் பதிப்பைத் திருத்தியவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். பயம் தங்கியது, உறுத்தல் போனது. ஜான்சனைத் தின்றது பயமா உறுத்தலா என்று கேட்டால் பதில் சொல்வது கடினமில்லை. பாஸ்டன் மருத்துவமனையில் வியட்நாம் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே, நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்டதை வைத்து 1994-ல் ஒரு புத்தகம் எழுதினார். நம்பிய தலைவன் தவறான காரியத்தைச் செய்யவைத்தால் அந்தக் காயம் பயத்தைவிட ஆழமாக இறங்குகிறது என்றார். ஹோமரின் காவிய வீரன் அக்கிலீஸையும் தன் நோயாளிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசும் புத்தகம் அது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் குற்றவுணர்வு மறுபடி பட்டியலுக்குள் வந்தது. இருபத்தாறு ஆண்டு கழித்து.

இவ்வளவும் ஒரு தரப்பின் கதை. இதே போரில் வட வியட்நாம் ராணுவத்துக்காகப் போனவர்களுக்கு ஓராண்டுத் தவணை கிடையாது. வெற்றி வரை அல்லது சாவு வரை. 1969-ல் 500 பேர் கொண்ட இளைஞர் படைப்பிரிவில் போய்த் திரும்பிய பத்துப் பேரில் ஒருவர் பாவ் நின். வென்ற நாட்டில் துக்கத்தைப் பற்றி அவர் எழுதிய நாவல் பரிசு வாங்கியது, கண்டனமும் வாங்கியது. ஹனோயில் திரும்பி வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று, எலும்புகூடக் கிடைக்காத லட்சக்கணக்கான பிள்ளைகளை அவர்களுடைய தாய்மார்கள் எப்படித் தேடினார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)